கண்ணாடிக்கு எந்தப் பக்கம்?

சித்திரை, வைகாசியில் மாலை நாலரை மணிக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டக் களமருதூரில் எங்கள் வீட்டு மேற்கு அறைக் கதவைத் திறந்தால் ஒரு வாடை முகத்தில் அடிக்கும். சூடேறிய பிளாஸ்டிக் வாடை. ஜன்னலில் நெடுக்குவாட்டில் தொங்கும் வெர்ட்டிகல் பட்டைகளிலிருந்து வருவது அது. அவற்றை வாங்கி மாட்டியவன் நான். அறை குளிர்ந்துவிடும் என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். அந்த நேரத்தில் ஒரு பட்டையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால், வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டைத் தொட்டது போல இருக்கும். வெயில் உள்ளே விழவில்லை, அது உண்மை. ஆனால் சூடு வந்துவிட்டது. அம்மா அந்த அறையில்தான் படுப்பார். "வெயில மறைச்ச, சரி. காத்தையும் சேத்து மறைச்சிட்டியேப்பா" என்றார் ஒரு நாள். அந்தப் பேச்சுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தத் திரைகளை ஒவ்வொன்றாக எடை போட ஆரம்பித்தேன்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜன்னல் திரை என்ற பேச்சுக்கே இடமில்லை. தாழ இறங்கிய கூரை, அதன் கீழே திண்ணை, உள்ளே தாழ்வாரம் என்று வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே அதை மறிக்க ஆள் இருந்தது. ஜன்னலும் சின்னது. இப்போது நாம் கட்டுவது காங்கிரீட் பெட்டி. சுவரில் நாலடி உயரத்துக்குக் கண்ணாடி, அதற்கு மேல் இரண்டடி சன்ஷேட். திண்ணையை எடுத்துவிட்டோம். அது செய்துவந்த வேலையைச் செய்யச் சொல்லித்தான் பிளைண்ட்ஸ் கடைக்குப் போகிறோம். கடையில் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டி நிறம் காட்டுகிறார்கள், பூ காட்டுகிறார்கள், சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார்கள். ஜன்னல் எந்தத் திசை என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் முறை. நம் ஊர்ப் பக்கம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அதனால் ஏப்ரல் 20ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 22ஐ ஒட்டி ஒருமுறை, நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நாலு மாதம் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும், ஆனால் மிக உயரத்திலிருந்து. சன்ஷேட் அதை முழுசாக வாங்கிக்கொள்ளும். வடக்கு ஜன்னலுக்குக் காலை மாலையில் சாய்வாகக் கொஞ்சம் விழுவதோடு சரி. தெற்கு ஜன்னலுக்கு மார்கழியில் வெயில் உண்டு. அப்போது நடுப்பகலில் சூரியன் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். இரண்டடி சன்ஷேட் நாலடி ஜன்னலில் ஏறக்குறைய மூன்றடிக்கு நிழல் போட்டுவிடும். மிச்சம் விழும் ஓரடி வெயிலை மார்கழியில் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

மேற்கில் கதை வேறு. மே மாதம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் 30 பாகை உயரத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். அதே இரண்டடி சன்ஷேட் அப்போது போடும் நிழல் ஓரடிதான். மூன்றடிக் கண்ணாடி வெயிலில் நிற்கும். ஐந்தரைக்கு அந்த ஓரடியும் அரையடியாகிவிடும். கிழக்கில் காலை எட்டு மணிக்கும் இதே கணக்குதான். ஆனால் இரவெல்லாம் ஆறிக் கிடந்த சுவர் காலை வெயிலைத் தாங்கும். பகல் முழுக்கக் காய்ந்த வீட்டின் மேல் கடைசியாக வந்து விழுவது மேற்கு வெயில். ஆகவே நாலு திசைக்கும் ஒரே திரையை ஒரே நிறத்தில் வாங்குவது, கடைக்காரருக்குச் சௌகரியமே தவிர வீட்டுக்கு அல்ல. திரையின் முழுத் தகுதியும் மேற்கு ஜன்னலில்தான் சோதிக்கப்படுகிறது. இனி நான் சொல்வதெல்லாம் அந்த ஜன்னலை மனதில் வைத்துத்தான்.

மூன்றடிக்கு நாலடி ஜன்னல் ஒன்று. வைகாசி மாலையில் ஒற்றைக் கண்ணாடி வழியாக அது உள்ளே விடும் வெயில், என் கணக்கில், குறைத்துப் போட்டாலும் 500 வாட் வரும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியில் பாதியை அறைக்குள் இரண்டு மணி நேரம் போட்டு வைத்தது போல. கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. வெயிலை உள்ளே விடும். அந்த வெயில் பட்டுச் சூடான பொருள் திருப்பி வீசும் வெப்பக் கதிரை வெளியே விடாது. வெயில் காலத்தில் மூடிய காருக்குள் உட்கார்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு திரையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? வெயில் திரைமேல் விழும், திரை சூடாகும், அந்தச் சூடு அறைக்குள்ளேயே இறங்கும். வெளிர் நிறமாக இருந்தால் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும், அவ்வளவே. அமெரிக்க எரிசக்தித் துறை தரும் அளவுகளின்படி, நன்றாக ஒளியைத் திருப்பும் உள்திரையை முழுக்க மூடி வைத்தால் உள்ளே வரும் வெப்பம் 45 சதவீதம் வரை குறையும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் கூடாரம் போட்டால் 77 சதவீதம் வரை குறையும். அந்த நாட்டின் வெயில் கோணம் வேறு, கட்டடம் வேறு. அந்த எண்களை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் எது முன்னே, எது பின்னே என்ற வரிசை எந்த ஊரிலும் மாறாது. என் 500 வாட்டில் உள்திரை மிச்சம் வைப்பது ஏறக்குறைய 275, வெளிநிழல் மிச்சம் வைப்பது 115.

ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தால் கண்ணாடியின் வாதம் அடிபடாதா என்று கேட்கலாம். அடிபடும், பாதிதான். உள்ளே தொங்கும் திரையில் ஏறிய சூட்டை, வரும் காற்று வழித்துக்கொண்டு அறைக்குள்தான் கொண்டுவரும். வெளியே தொங்கும் திரையின் சூட்டில் பெரும்பங்கு வெளியே, மேல்நோக்கிப் போய்விடும்.

இனி காற்று. மேற்கு ஜன்னலின் சிக்கலே இதுதான். சுடுவதும் அந்தப் பக்கம், ஆடியில் காற்று வருவதும் அந்தப் பக்கம். இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வீடுகளுக்காக வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் வெளிப்புறம் திறக்கக்கூடிய கதவு ஜன்னல்களின் பரப்பு வீட்டுத் தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்கு அது கேட்பது 10 சதவீதம்தான். வியர்வை உலரக் காற்று வேண்டும் என்பதே காரணம். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் கட்டும் 360 சதுர அடி வீட்டை எடுத்துக்கொண்டால் இந்த விதிப்படி 60 சதுர அடி திறப்பு வேண்டும். அவ்வளவு திறப்பை வைத்துவிட்டு அதன் மேல் காற்றுப் புகாத திரையைப் போட்டால், ஜன்னல் வைத்த செலவே வீண். வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும், காற்றை மறிக்கக் கூடாது. என் தராசின் இரண்டு தட்டும் இவைதான். தூசி கழுவும் வசதி, பிள்ளைகளுக்கு ஆபத்து, பத்து வருடச் செலவு எல்லாம் அதற்கு அடுத்தவை.

நான் வாங்கிய வெர்ட்டிகல் இரண்டிலும் தோற்றது. அது அலுவலகத்துக்குப் பிறந்த பொருள். ஏசி ஓடும், காற்று அசையாது, பட்டை நேராக நிற்கும். நம் வீட்டில் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று மோதி இரவெல்லாம் சடசடக்கும். கீழே பட்டைகளை இணைக்கும் மணிச்சரம் முதல் ஆடியிலேயே அறுந்தது. ஒரு வருடத்தில் மேலே கொக்கி உடைந்து மூன்று பட்டை கழன்றன. அதே நிறத்தில் மாற்றுப் பட்டை கேட்டபோது அந்த ரகம் இப்போது வருவதில்லை என்றார்கள்.

ஜீப்ரா திரை இப்போது எல்லாப் புது வீடுகளிலும் தெரிகிறது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பட்டையும் வலையும் மாறிமாறி வரும் துணியை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு, நகர்த்தி ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் வேலை செய்வது கண்ணாடிக்கு உள்ளே. மழை இல்லாத மாதங்களில் நம் தெருவில் டிராக்டர் போனால் எழும் புழுதி அந்த இரண்டு மடிப்புக்கும் நடுவே போய் உட்காரும். கழற்றித் துவைக்கும் பொருள் அல்ல அது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

ரோலர் திரைக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. வெள்ளைப் பின்பக்கம் உள்ள பிளாக்-அவுட் துணி, ஏசி வைத்த அறையில் நல்ல தேர்வு. அங்கே ஜன்னல் மூடித்தான் இருக்கும், காற்றுக் கேள்வியே இல்லை. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கு இருட்டும் கிடைக்கும். ஸ்கிரீன் துணி என்று இன்னொன்று, நுண்துளைகள் உள்ளது. 3 சதவீதம், 5 சதவீதம், 10 சதவீதம் என்று துளையின் அளவைச் சொல்லி விற்பார்கள். எண் சிறிதானால் வெயில் குறையும், வெளிப்பார்வையும் குறையும். பகலில் உள்ளிருந்து தெரு தெரியும், தெருவிலிருந்து உள்ளே தெரியாது. இரவில் விளக்குப் போட்டதும் அது தலைகீழாகிவிடும். இதைக் கடையில் சொல்வதில்லை. பெண்பிள்ளைகள் படுக்கும் அறைக்கு வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

உள்திரைகளில் எனக்கு மரியாதை உள்ளது அலுமினியப் பட்டித் திரையிடம். பட்டிகளைச் சாய்த்து வைத்தால் வெயில் மேல்நோக்கித் திரும்பும், ஓரளவு காற்றும் வரும். ஈரத் துணியால் துடைக்கலாம். பழுதென்றால், பிள்ளைகள் கையை விட்டு ஒரு பட்டியை மடக்கிவிட்டால் அது பழையபடி நிமிராது.

பருத்தித் துணித் திரையைக் கடைக்காரர் ஏளனமாகப் பார்க்கலாம், நான் பார்க்க மாட்டேன். அம்மாவின் பழைய சேலையை இரண்டாக வெட்டி ஓரம் தைத்து, கம்பியில் கோத்த திரை மேற்கு வெயிலுக்கு முன்னால் பலவீனமானதுதான். ஆனால் காற்று வந்தால் விலகி வழிவிடும். மாதம் ஒருமுறை துவைக்கலாம். கிழிந்தால் கைப்பிடித் துணியாகும். இரவு மறைப்புக்கு இதைவிட எளிய பொருள் இல்லை. அதன் வேலை மறைப்பு. வெயிலைத் தடுக்கும் வேலையை அதன் தலையில் கட்டியது நம் தவறு.

வெளிப்பக்கத்துக்கு வருவோம். நாற்றங்காலுக்கு வாங்கும் பச்சை நிழல் வலையை ஜன்னலுக்கு வெளியே இழுத்துக் கட்டியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். தராசின் இரண்டு தட்டிலும் அது தேறுகிறது, செலவும் மிகக் குறைவு. அறைக்குள் எல்லாம் பச்சையாகத் தெரியும், சில வருடத்தில் நார்நாராகப் பிரியும். வெட்டிவேர்த் தட்டியையும் எண்ணிப் பார்த்தேன். கடலூர்க் கரையோர மணலில் விளையும் வேர் அது, நமக்குத் தூரமில்லை. நனைத்துக் கட்டினால் அக்னி நட்சத்திர நாட்களின் வறண்ட மேல்காற்றில் அறை உண்மையிலேயே குளிரும். ஆனால் காற்றில் ஈரம் ஏறிய நாளில் நீர் ஆவியாகாது, குளிர்ச்சியும் வராது, அறை நசநசக்கும். தண்ணீர் தெளிக்க ஆளும் வேண்டும். வருடத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் அருமையான பொருள்.

மூங்கில் சுருள் திரையிடம்தான் நான் அதிகம் நின்றேன். மெல்லிய மூங்கில் குச்சிகளை நூலால் பின்னிய தட்டி. குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி. வெயில் நூறு கோடுகளாக உடையும், காற்று அத்தனை கோடுகள் வழியாகவும் வரும். சுவரை ஒட்டி மாட்டினால் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கதவு இடிக்கும் என்று தச்சர் சொன்னார். வழியையும் அவரே சொன்னார்: "சுவத்துல எதுக்குண்ணே மாட்டணும்? சன்ஷேட் முனையில தொங்க விடுங்க." சன்ஷேட் இரண்டடி, ஜன்னல் கதவு ஒன்றரையடி. கதவு தாராளமாகத் திறக்கிறது. தட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி நிழல் கிடைக்கிறது. காணாமல் போன தாழ்வாரம் சின்ன அளவில் திரும்பி வந்தது போல. முன்பு சுட்ட ஜன்னல் கம்பியை இப்போது நாலரை மணிக்குப் பிடித்துக்கொண்டு நிற்க முடிகிறது.

அதன் குறைகளை மறைத்தால் இது திறனாய்வாகாது. மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. அதைத் தேடி வண்டு வரும், குச்சி உளுத்து மாவு கொட்டும். தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த மூங்கிலா என்று கேட்டு வாங்க வேண்டும். பருத்தி நூலால் பின்னியது மழையில் சீக்கிரம் நைந்துபோகும், நைலான் நூல் வேண்டும். ஆடிக் காற்றில் தட்டி பட்டமாகப் பறக்கும். கீழ்முனையை இரண்டு இடத்தில் கயிற்றால் கட்டியே ஆக வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையை நம் மாவட்டம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மழைக்கு எந்த மூங்கிலும் நிற்காது. ஆகவே ஆணி கூடாது, கொக்கி வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை கயிறு. 2009 டிசம்பரில் அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட ரோமன் திரைகளையும் சுருள் திரைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். குழந்தைகளின் கழுத்தில் கயிறு சுற்றிக்கொண்ட சம்பவங்களே காரணம். சுருள் திரையைத் தூக்கும் கயிற்று வளையம் ஓரத்தில் நழுவித் தனியே தொங்கும், அதில் குழந்தையின் தலை மாட்டும். நான் பரிந்துரைக்கும் மூங்கில் திரையிலும் அதே வளையம் இருக்கிறது. ஆகவே கயிற்றை நீளமாகத் தொங்கவிடாமல் ஐந்தடி உயரத்தில் கொண்டி அடித்துச் சுற்றி வையுங்கள். கட்டிலையும் தொட்டிலையும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள். ரோலரின் மணிச் சங்கிலிக்கும் இது பொருந்தும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் தெருக்களில் நடந்தால், சாய்வான மரப்பட்டிகள் அடுக்கிய ஜன்னல் கதவுகளைப் பார்க்கலாம். வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும், மழைச்சாரலும் உள்ளே அடிக்காது, இரவில் தாழ்ப்பாளும் போடலாம். திரையும் கதவும் ஒன்றே. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மூங்கில்துறைப்பட்டு என்று ஊர்ப் பெயரிலேயே மூங்கிலைச் சுமக்கும் மாவட்டம் இது. இத்தனை கைத்திறன் உள்ள மண்ணில் எங்கிருந்தோ வரும் பிளாஸ்டிக் பட்டையை நான் தேடிப் போனதை நினைத்தால் மனசு வலிக்கிறது. மேற்குச் சுவரில் கண்ணாடி ஸ்லைடிங் வைக்க ஒதுக்கிய பணத்தை ஆசாரியிடம் கொடுத்து இந்தக் கதவைக் கேளுங்கள். செலவு கூடத்தான் செய்யும். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஜன்னலுக்கு வெயிலுக்கென்று தனித் திரை வாங்க வேண்டியிருக்காது.

இந்தத் தீர்ப்பு கல்வராயன் மலையேறாது. வெள்ளிமலையில் மார்கழி இரவில் சமாளிக்க வேண்டியது குளிரை. அங்கே கனத்த துணியும் நன்றாக மூடும் பலகைக் கதவும் போதும். மாலை வெயில் அங்கே வேண்டிய விருந்தாளி.

தரைக்கு இறங்கினால், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காயும் காங்கிரீட் இறக்கும் சூட்டை எந்த ஜன்னல் திரையாலும் தடுக்க முடியாது. கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறதென்றால் முதலில் மாடிக்கு வெள்ளை அடியுங்கள். மேற்கே இடம் இருந்தால் ஒரு வேப்பங்கன்று வையுங்கள். திரை அதற்குப் பிறகு.

என் முடிவு இது. மேற்குக்கும், வெயில் உறுத்தினால் கிழக்குக்கும், சன்ஷேட் முனையிலிருந்து வெளியே மூங்கில் திரை. உள்ளே மறைப்புக்குப் பருத்தித் துணி. தெற்குக்கும் வடக்குக்கும் அந்தத் துணியே போதும். ஏசி அறைக்கு மட்டும் வெள்ளைப் பின்பக்க ரோலர். வெர்ட்டிகலும் ஜீப்ராவும் நம் ஊர் வீட்டுக்கு வேண்டாம். கடைக்குப் போகும் முன் ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த ஜன்னலில் வெயில் விழுகிறதோ அதை மட்டும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.